ஒரே நிரைக்கு இரண்டு கங்காணிகளா?

மூவார் என்றதும் தளவாடத் தொழிற்சாலைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவற்றின் ஏற்றுமதிக் கணக்கு, வடிவப் படங்கள், சம்பளப் பட்டியல் எல்லாம் இன்று கணினிக்குள். வருமான வரிச் சட்டப்படி கணக்குகளை 7 ஆண்டுகள் காக்க வேண்டும். ஆறாம் ஆண்டில் தேடும்போது கோப்பு திறக்காவிட்டால் என்ன செய்வது?

பல அலுவலக சர்வர்களில் 'ரெய்ட்' அட்டை இருக்கும். நான்கைந்து வன்தட்டுகளைச் சேர்த்துக் கணினிக்கு ஒரே பெரிய தட்டாகக் காட்டும். ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. இன்னொன்று 'இசட்.எஃப்.எஸ்.' என்ற கோப்பு முறைமை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2001-இல் தொடங்கி, 2005-இல் மூல நிரலோடு வெளியிட்டது. இன்று லினக்ஸிலும் ஓடுகிறது. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்து, படிக்கும்போது ஒப்பிடும். பொருந்தாவிட்டால் வேறு தட்டிலுள்ள நல்ல பிரதியைக் கொண்டு திருத்திவிடும்.

இரண்டையும் சேர்த்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும்: துரை நேரில் நிரையைப் பார்க்க முடியாமல், கங்காணி சொல்வதையே நம்ப வேண்டிய நிலை. அட்டை நடுவில் நின்றால் இசட்.எஃப்.எஸ்.-க்கு ஒரே தட்டுதான் தெரியும். தரவு கெட்டதைக் கண்டுபிடிக்கும், எந்தக் கோப்பு என்றும் சொல்லும். ஆனால் நல்ல பிரதியைக் கேட்டு வாங்க வழியில்லை. அது அட்டையின் பிடியில்.

'எழுதியாகிவிட்டது' என்ற பொய்யும் உண்டு. அட்டை தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டே அப்படிச் சொல்லும். அதன் பேட்டரி செத்திருந்து மின்சாரமும் போனால், எழுதியதாகச் சொன்னது காற்றோடு போகும். அட்டையே எரிந்தால் பெரும்பாலும் அதே வகை அட்டையைத் தேடி அலைய வேண்டும். பத்தாண்டுப் பழைய அட்டைக்கு எந்தக் கடைக்குப் போவது?

எனவே புதிதாக வாங்குவோர், தட்டுகளை அப்படியே காட்டும் எச்.பி.ஏ. அட்டையைக் கேளுங்கள். சில ரெய்ட் அட்டைகளையே அந்த முறைக்கு மாற்றலாம். ஒவ்வொரு தட்டையும் தனித்தனி ரெய்டாக அமைத்துத் தருகிறேன் என்பார்கள். அது அரைகுறை வேலை. தட்டின் உடல்நிலை அறிக்கை பல வேளைகளில் மறைந்துபோகும். அட்டையை மாற்றவே முடியாதென்றால், அதிலிருந்து இரண்டு தொகுதிகளைத் தனித்தனித் தட்டுகளில் அமைத்து, இசட்.எஃப்.எஸ்.-இல் ஒன்றுக்கொன்று பிரதியாக்குங்கள். இடம் பாதியாகும், ஆனால் திருத்தும் சக்தி திரும்பும்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரில் ஏறிய வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஆறு தட்டும் ஒரே பெட்டியில் இருந்தால் ஆறும் ஒன்றாகத்தான் நனையும். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். அட்டையின் முறையை மாற்றினால் பழைய தொகுதி கணினிக்குத் தெரியாமல் போகலாம். அந்த வெளியூர்ப் பிரதியிலிருந்து நாலு கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே கை வையுங்கள்.