மூடுமுன் பார்த்தல்: புதிய வீட்டின் கட்டுமான மேற்பார்வை

வீடு ஒன்று எழும்பும்பொழுது அதன் ஒரு பகுதி மற்றொரு பகுதியை மறைத்துக்கொண்டே எழும்புகின்றது. கடைகாலை மண் மூடுகின்றது. கம்பியைக் கான்கிரீட் மூடுகின்றது. செங்கற் கட்டைப் பூச்சும், பூச்சை வெள்ளையும் மூடுகின்றன. திறவுகோல் ஒப்படைக்கப்படும் நாளில் கண்ணுக்குத் தெரிவன சுவரின் நிறமும் கதவின் வழவழப்பும் மட்டுமே. வீட்டின் ஆயுளை நிர்ணயிப்பன பெரும்பாலும் அதற்கு முன்னரே பார்வையினின்று மறைந்துவிடுகின்றன. ஆகவே மேற்பார்வையிடுவோர் எந்த நாளில் வருகின்றனர் என்பது, எத்தனை முறை வருகின்றனர் என்பதைக் காட்டிலும் முக்கியமானதாகும்.

இவ்வுண்மைக்கு மகாராஷ்டிரத்தின் லாத்தூர் வட்டாரம் துயரமான சான்று அளிக்கின்றது. 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், பொழுது விடியுமுன், கில்லாரியைச் சுற்றிய சிற்றூர்களில் நேர்ந்த பூகம்பத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அங்கிருந்த வீடுகளின் கற்சுவர்கள் மிகவும் தடித்தவை. பார்வைக்குக் கோட்டையை ஒத்தவை. ஆனால் அவற்றுட் பல, உள்முகம் ஒன்றும் வெளிமுகம் ஒன்றுமாகத் தனித்தனியே அடுக்கி, இடையே சிறு கற்களையும் மண்ணையும் நிரப்பிக் கட்டப்பட்டவை. இரு முகங்களையும் ஊடுருவிப் பிணைக்கும் நீளக் கற்கள் அவற்றில் இல்லை. நிலம் அதிர்ந்தபோது இரு முகங்களும் பிளந்து விலகின. அவற்றின் மேல் தங்கியிருந்த கனத்த மண்கூரைகள் உறங்கியவர்மீது விழுந்தன. பிணைப்புக் கல் இருக்கின்றதா இல்லையா என்பது சுவர் எழும்பும் நாளில் எவருக்கும் தெரியக்கூடியது. சுவர் எழும்பிய பின்னர் எவருக்கும் தெரியாதது. உயரத்தில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றும், நீளவாட்டில் 1.2 மீட்டருக்கு ஒன்றுமாக இக்கற்களை வைத்தல் வேண்டும். நீளக் கல் கிடைக்காத ஊர்களில் கான்கிரீட் துண்டுகளை வார்த்து வைக்கலாம்.

மேற்பார்வையின் முதல் நாள், மனையில் முளையடித்து நூல் கட்டும் நாளாகும். மூலை செங்கோணமாக அமைந்ததா என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மூலையினின்று ஒரு பக்கம் 3 மீட்டரும் மறு பக்கம் 4 மீட்டரும் அளந்து குறித்தால், அவ்விரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் 5 மீட்டராக இருத்தல் வேண்டும். ஒவ்வோர் அறையின் இரு மூலைவிட்டங்களும் சமமாக இருப்பதையும் பார்க்க வேண்டும். ஊரில் புது வீடு ஒன்றுக்கு நூல் கட்டும்பொழுது ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் சென்று இதனைச் செய்து காட்டுவார்களாயின், வடிவியற் பாடம் அவர்கள் மனத்தை விட்டு அகலாது.

கடைகால் தோண்டி முடிந்ததும், அதில் கல்லோ கான்கிரீட்டோ இடுமுன் இரண்டாம் பார்வை நிகழ வேண்டும். அடிமண் எங்கும் ஒரே தன்மையுடன் கெட்டியாக உள்ளதா, பழைய கிணறோ குப்பைக்குழியோ குறுக்கிடுகின்றதா, மழைநீர் தேங்கி அடிமண் சேறாகிவிட்டதா என்பனவே கேள்விகள். சேற்றின்மேல் உலர்ந்த மண்ணைத் தூவி மறைப்பது பல இடங்களிற் காணப்படும் தீய வழக்கம். சேற்றை வழித்தெடுத்த பின்னரே மேல்வேலை தொடங்க வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கி வெடிப்பது. அதன்மேல் ஆழமற்ற கடைகாலில் நிற்கும் சுவர் ஆண்டுதோறும் ஏறி இறங்கி விரிசல் காணும். இத்தகைய நிலத்திற்கென ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், அடிப்பாகம் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை மண்ணுள் ஆழ வார்க்கும் முறையை உருவாக்கித் தந்துள்ளது.

சுவர் வேலையில் பார்க்க வேண்டியவை பல எனினும் அவை எளியவை. செங்கற்கள் நன்கு நனைக்கப்பட்டுள்ளனவா? உலர்ந்த செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடுவதால் சாந்து இறுகாமல் பொடியாகின்றது. செங்குத்து இணைப்புகள் வரிக்கு வரி மாறி அமைகின்றனவா? தூக்குக்குண்டின் நூல் சுவரோடு ஒத்து நிற்கின்றதா? இவற்றைக் கொத்தனாரே அறிவார். ஒருவர் வந்து பார்ப்பார் என்பதையும் அவர் அறிந்திருத்தல் நலம். பூகம்ப அபாயமுள்ள பகுதிகளில், கதவு சன்னல்களின் தலைமட்டத்தில் எல்லாச் சுவர்களையும் சுற்றிச்செல்லும் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை இன்றியமையாதது. பெட்டியைக் கயிற்றால் சுற்றிக் கட்டுவதுபோல் அது நான்கு சுவர்களையும் ஒன்றாய் இயங்கச் செய்கின்றது. மூலையில் கம்பி அறுபடாமல் வளைந்து அடுத்த சுவரினுள் செல்ல வேண்டும். அங்கே அறுபட்ட பட்டை அறுந்த கயிற்றுக்குச் சமம்.

கூரை வார்க்கும் நாளே மேற்பார்வையின் தலையாய நாள். வார்க்கத் தொடங்கிய சில மணி நேரத்தில் அனைத்தும் மறைந்துவிடும். தவற்றைப் பின்னர் திருத்துவது இடிப்பதற்கு ஒப்பாகும். ஆதலின் முதல் நாள் மாலையிலேயே சாரத்தின்மேல் ஏறிப் பார்க்க வேண்டும். கம்பிகளின் கனமும் இடைவெளியும் வரைபடத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். பலகையின்மேல் கம்பி நேரே படிந்து கிடத்தலாகாது. சிறு சாந்து வில்லைகளால் தாங்கப்பட்டு, அடியில் சுமார் 20 மில்லிமீட்டர் கனத்திற்குக் கான்கிரீட் புக இடமிருக்க வேண்டும். இம்மூடாக்குக் குறைந்தால் ஈரமும் காற்றும் கம்பியை எட்டும். துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடம் கொள்வதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து உதிர்க்கின்றது. பழைய வீடுகளின் கூரையடியில் துருவேறிய கம்பிகள் வெளிப்பட்டுத் தொங்குவதன் காரணங்களுள் இது முதன்மையானது.

சன்னலுக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் வெயில் மறைப்புப் பலகையைத் தனியே கவனித்தல் வேண்டும். இரு சுவர்களின்மேல் கிடக்கும் கூரையின் நடுப்பகுதி கீழ்நோக்கித் தொய்வதால் அதன் அடிப்பாகம் இழுபடுகின்றது. கம்பி அங்கே கீழே இருக்க வேண்டும். நீட்டுப் பலகையில் இழுபடுவது மேற்பாகம். அங்கே கம்பி மேலே இருத்தல் வேண்டும். கான்கிரீட் சுமந்து வரும் ஆட்கள் அக்கம்பியின்மேல் மிதித்து நடந்து அதனைக் கீழே அழுத்திவிடுகின்றனர். முட்டை நீக்கிய அன்றே இத்தகைய பலகை விழுதலும் உண்டு. நடப்பதற்குப் பலகைப் பாதை அமைப்பது சிறு செலவே.

கலவையில் நீர் மிகுவது அடுத்த கேடு. சிமெண்டு வேதியியல் முறையில் பிணைத்துக்கொள்ளும் நீர் அதன் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே. கலவையைக் குழைக்கவும் பரப்பவும் மேலும் சிறிது நீர் தேவைப்படுகின்றது. அதற்கு மேற்பட்ட நீர் பின்னர் ஆவியாகி, தான் இருந்த இடத்தை நுண்துளைகளாக விட்டுச்செல்கின்றது. எம் 20 எனப்படும் சாதாரணக் கலவைக்கு, 50 கிலோகிராம் கொண்ட ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் கூடாதென்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 456-ஆம் எண் விதித்தொகுப்பில் (2000) காணப்படும் வரையறை. மணலிலுள்ள ஈரமும் இக்கணக்கில் சேரும். இளகிய கலவை எளிதில் ஓடுமாதலால் வேலையாட்கள் அதனையே விரும்புவர்; களப்பணியாளர் வாளியை எண்ணிக்கொண்டு அருகே நிற்பதன்றி இதற்கு வேறு வழியில்லை. மணலின் தூய்மையைப் பள்ளியிலேயே சோதிக்கலாம்: கண்ணாடிச் சாடியில் மணலும் நீரும் இட்டுக் குலுக்கிச் சில மணி நேரம் அசையாது வைத்தால், மணலின்மேல் வண்டல் தனிப் படலமாகப் படியும். அப்படலம் தடித்திருப்பின் மணலைக் கழுவிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

வார்த்த கூரையை நனைத்து வைத்தல் எவரும் பெருமை கொள்ளாத வேலை. ஆகவே பெரும்பாலும் கைவிடப்படுவதும் அதுவே. கான்கிரீட் உலர்வதனால் கெட்டியாவதில்லை. சிமெண்டு நீரோடு வினைபுரிவதனாலேயே கெட்டியாகின்றது. மேற்கூறிய விதித்தொகுப்பின்படி சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமெண்டுக்கும் வெப்பமான வறண்ட பருவத்திற்கும் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கப்பட வேண்டும். இன்று சந்தையில் மிகுதியாக விற்கப்படுவது கலப்புச் சிமெண்டு என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம். நீர் அரிதான ஊர்களில் ஈரச்சாக்கையும் வைக்கோலையும் பரப்பினால் குறைந்த நீரே போதுமானது.

2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஊரகப் பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தில், வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் இடமும் நேரமும் பதிவான நிழற்படம் எடுக்கப்பட்டு, அதனையொட்டித் தவணைத் தொகை வழங்கப்படுகின்றது. வீடு உண்மையிலேயே எழும்புகின்றது என்பதற்கு இஃது உறுதியான சான்று. பொய்க் கணக்குக்கு இடம் குறைகின்றது. ஆயினும் கூரை முடிந்தபின் எடுத்த படத்தில் கூரை தெரியுமேயன்றிக் கம்பி தெரியாது. கம்பி கட்டியபின், கான்கிரீட் இடுமுன், அளவுகோலை அருகில் வைத்து எடுத்த ஒரு படம், முடிந்த வீட்டின் பல படங்களைவிடப் பிற்காலத்தில் பயன்படும். இதற்குக் கொத்தனார் ஒரு நாள் முன்னதாகச் செய்தி அனுப்ப வேண்டும். செய்தி கிடைத்தவர் வர வேண்டும். வருபவர் தாமதித்து, வேலையாட்களின் ஒரு நாட்கூலி வீணாயின், அடுத்த முறை செய்தி வராது.

வீட்டுக்காரரிடம் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். கடைகால் பார்த்த நாள், பட்டை வார்த்த நாள், கூரை வார்த்த நாள், நனைத்தல் நின்ற நாள், முட்டு நீக்கிய நாள் ஆகியவற்றை அதில் எழுதி, பார்த்தவர் கையொப்பமிடலாம். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள கூரையின் முட்டுகளை 7 நாளும், அதற்கு மேற்பட்ட அகலமுள்ளதன் முட்டுகளை 14 நாளும் கழியுமுன் நீக்கலாகாது. வாடகைக்கு எடுத்த முட்டுகளைத் திருப்பித் தரும் அவசரத்தில் இக்கணக்கு மறக்கப்படுவதுண்டு; குறிப்பேட்டில் நாள் எழுதப்பட்டிருந்தால் வீட்டுக்காரரே அதைக் காட்டித் தடுக்க முடியும்.