சத்தமில்லாத பியானோவின் சத்தம்

"இரவு பத்து மணிக்கு உங்கள் வீட்டில் யார் சம்பல் இடிப்பது?"

கீழ்வீட்டுச் சீன ஆண்ட்டி ஒருநாள் மின்தூக்கியில் அம்மாவிடம் இப்படிக் கேட்டார். அம்மா திகைத்துப் போனார். எங்கள் வீட்டில் உரலைத் தொட்டே பல ஆண்டுகள் ஆகின்றன. பிறகுதான் விளங்கியது: அது உரல் அன்று, தங்கையின் மின்னிலக்கப் பியானோ! பகலில் பள்ளி, மாலையில் டியூஷன் என்று ஓடும் அவளுக்குப் பயிற்சி செய்ய இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான் நேரம் கிடைக்கும். யாருக்கும் தொல்லை கொடுக்கக்கூடாது என்பதற்காகவே ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பாள். பக்கத்து அறையில் இருக்கும் எங்களுக்கு ஒரு சுரம்கூடக் கேட்காது. ஆனால், கீழ்வீட்டில் மட்டும் 'டொக், டொக்' என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

பயிற்சியை நிறுத்தினால் தங்கையின் தேர்வு கெடும். தொடர்ந்தாலோ நெடுநாள் அண்டைவீட்டு உறவு கசக்கும். இந்த இக்கட்டிலிருந்து மீள நாங்கள் தேடிக் கற்றுக்கொண்டவற்றையே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இந்தப் பினாங்குத் தீவில் இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமாக இருக்காது அல்லவா?

கட்டை என்றொரு சொல்

பியானோவில் விரலால் அழுத்தும் பகுதியைத் தமிழில் என்னவென்று அழைப்பது? புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ஆர்மோனியம் நம் மேடைகளுக்கு வந்த காலத்திலேயே 'கட்டை' என்ற சொல் நிலைத்துவிட்டது. "ஐந்து கட்டையில் பாடுகிறார்" என்று இசைக் கலைஞர்கள் சொல்வது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தான். மேற்கத்திய இசையின் 'சி' ஒரு கட்டை என்றால், 'ஜி' ஐந்து கட்டை. ஆகவே, இக்கட்டுரையிலும் கட்டை என்றே எழுதுகிறேன். எங்கள் வீட்டுச் சிக்கலும் இசையால் வந்ததன்று, கட்டையால் வந்ததுதான்.

பியானோவுக்குள் ஒரு சுத்தியல்

1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி உருவாக்கிய பியானோவில், கட்டையை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டும். மின்னிலக்கப் பியானோவில் கம்பி கிடையாது. ஒலி, மின்னணுச் சில்லிலிருந்து வருகிறது. ஆயினும், கம்பிப் பியானோவின் கனத்தை விரல் உணர வேண்டும் என்பதற்காக, 88 கட்டைகளுக்கும் எடையுள்ள சுத்தியல்களைப் பொருத்தியிருக்கிறார்கள். கட்டை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. அந்த நேரத்தில் சுத்தியல் மேலே எழும்பி ஒரு தடுப்பில் மோதுகிறது. கட்டையின் முனையும் அடியிலுள்ள பட்டையில் மோதுகிறது. விரலை எடுத்ததும் சுத்தியல் விழ, கட்டை பழைய இடத்துக்குத் திரும்பி மீண்டும் மோதுகிறது. ஆக, ஒரு சுரத்துக்கு இரண்டு முறை தட்டல் ஒலி எழுகிறது.

இந்த மோதல்களைத் தாங்குவது 'ஃபெல்ட்' எனப்படும் அழுத்திய கம்பளித் துணிப் பட்டைதான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மியே நகரும்போது கம்பளித் துணி எம்மாத்திரம்! ஆண்டுக்கணக்கில் அடிவாங்கிய ஃபெல்ட் தட்டையாகி இறுகிவிடும். அப்போது கட்டைகளின் சத்தமும் கூடிவிடும்.

காற்றில் வரும் ஒலியும் கட்டடத்தில் வரும் ஒலியும்

சரி, பக்கத்து அறையில் கேட்காத சத்தம் கீழ்வீட்டில் எப்படிக் கேட்கிறது? இங்குதான் நாம் இடைநிலைப்பள்ளியில் படித்த இயற்பியல் உதவிக்கு வருகிறது. ஒலி இரண்டு வழிகளில் பயணம் செய்கிறது. பேச்சும் பாட்டும் காற்றின் வழியே வருபவை. கனமான சுவர் அவற்றில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். தட்டல் அப்படியன்று. அது பியானோவின் உடலிலிருந்து தாங்கியின் கால்களுக்கும், கால்களிலிருந்து நேராகத் தரைக்கும் இறங்குகிறது. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். கான்கிரீட்டிலோ 3,000 மீட்டருக்கும் மேல். தட்டலின் ஆற்றல் அதிகம் குறையாமல் தளத்தில் பரவுகிறது. கடைசியில், கீழ்வீட்டுக் கூரை முழுவதும் ஒரு பெரிய ஒலிபெருக்கியாக மாறிவிடுகிறது. ஹெட்போன் காற்றின் வழியை மட்டுமே அடைக்கிறது. கட்டடத்தின் வழி திறந்தே கிடக்கிறது.

ஆயர் ஈத்தாம் வட்டாரத்திலுள்ள ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகளை நாம் அனைவரும் பார்த்திருப்போம். முன்கூட்டியே வார்க்கப்பட்ட கான்கிரீட் பலகைகளைக் கொண்டு 17, 18 மாடிகளாக 1960களின் இறுதியில் எழுந்தவை அவை. அத்தகைய கட்டடங்களில் ஒரு வீட்டின் தரைதான் மறுவீட்டின் கூரை. 2008ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தகுதி பெற்ற ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளிலோ நிலைமை வேறு. அங்கே மாடித்தளம் பெரும்பாலும் மரப்பலகை. அது மத்தளம்போல் அதிரும். இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டாருக்குப் பொதுவானவை. ஆதலால், அங்கே பியானோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமலிருப்பது முக்கியம்.

முதலில் சத்தத்தின் ஊற்றைத் தேடுவோம்

பணம் செலவழிக்கும் முன் மூன்று சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

முதலாவது, ஒலியளவைச் சுழியமாக்கிவிட்டு ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் கேளுங்கள். அதிகம் பயன்படும் நடுக்கட்டைகள் ஓரக்கட்டைகளைவிடக் கடுமையாக ஒலித்தால் ஃபெல்ட் தேய்ந்திருக்கலாம். எல்லாம் ஒரே மாதிரி ஒலித்தால் அது அந்தப் பியானோவின் இயல்பு.

இரண்டாவது, தாங்கியைக் கையால் அசைத்துப் பாருங்கள். தளர்ந்த திருகாணி ஒன்று போதும், தட்டலைக் கிலுகிலுப்பை ஆக்கிவிடும். திருகாணிகளை முடுக்குவதற்குக் காசு தேவையில்லை.

மூன்றாவது சோதனையே மிகவும் பயனுள்ளது. கீழ்வீட்டுக்குப் போய்க் கேட்பது! ஆண்ட்டியின் அனுமதியோடு நான் அவர் வீட்டு வரவேற்பறையில் அமர்ந்துகொண்டேன். மேலே தங்கை வாசித்தாள். இசையே இல்லை, தாளம் மட்டும் கூரையிலிருந்து இறங்கியது. இடையிடையே ஒரு கனத்த 'தொம்' வேறு. அது கட்டை அன்று, தங்கை காலால் மிதிக்கும் பெடல். வீட்டிலேயே இருந்திருந்தால் இதை நாங்கள் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம்.

காலடியில் செய்ய வேண்டியவை

நாங்கள் முதலில் மெல்லிய நுரைப்பாய் ஒன்றை வாங்கி விரித்தோம். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. காரணம் எளிது. பியானோவின் முழு எடையும் தாங்கியின் சில கால்களில்தான் இறங்குகிறது. கால் பதிந்த இடத்தில் நுரை நசுங்கித் தரையோடு தரையாகிவிடுகிறது. நசுங்கிய நுரை அதிர்வைத் தடுக்காது.

அதிர்வைத் தடுக்க மென்மையும் வேண்டும், கனமும் வேண்டும். சுருள்வில்லின் மேல் வைத்த பாரத்தை எண்ணிப் பாருங்கள். அதற்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அதைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையே அந்த அமைப்பு குறைக்கும். அதற்கு நெருக்கமான அதிர்வு வந்தாலோ ஒத்ததிர்வு ஏற்பட்டுச் சத்தம் கூடவும் கூடும். பாரம் கூடவும் அடித்தளம் மென்மையாகவும் இருந்தால் இயல்பான அதிர்வெண் தாழும், பலன் கூடும். யமஹா பி-45 போன்ற பியானோவின் எடை 11.5 கிலோதான். ஆகவே, கனத்தை நாம்தான் சேர்க்க வேண்டும்.

நாங்கள் செய்தது இதுதான். ஹார்ட்வேர் கடையில் 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளைவுட் பலகை ஒன்றை அறுத்து வாங்கினோம். சலவை இயந்திரத்தின் கால்களுக்கு வைக்கும் ரப்பர்த் துண்டுகளைப் பலகையின் அடியில் பல இடங்களில் பரப்பினோம். பலகையின் மேல் பழைய கம்பளம் ஒன்றை விரித்துத் தாங்கியை நிறுத்தினோம். பெடலும் வாசிப்பவரின் குதிகாலும் அதே பலகையின் மேல் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். பலகை சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் அதிர்வு அந்த வழியாக இறங்கிவிடும். தாங்கி ஆடாமல் நிற்கிறதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். மின்னிலக்க டிரம்ஸுக்கும் இதே சிக்கல் உண்டு. அதனால்தான் ரோலண்ட் நிறுவனம் 'நாய்ஸ் ஈட்டர்' என்ற பெயரில் அதிர்வு தடுக்கும் ரப்பர்த் தாங்கிகளை விற்கிறது. தத்துவம் ஒன்றே.

கட்டைக்குள் செய்ய வேண்டியவை

ஃபெல்ட் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் புதிய பட்டை மாற்ற வேண்டும். இதைப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதே நல்லது. உத்தரவாதக் காலம் முடியாத பியானோவைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும். சிலர் கட்டைகளுக்கு அடியில் தடித்த துணியைத் திணித்துவிடுகிறார்கள். அது தவறு. கட்டை இறங்கும்போது அடுத்தடுத்துத் தூண்டப்படும் உணரிகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கொண்டே பியானோ நம் விரலின் வேகத்தை அறிகிறது. கட்டை முழுமையாக இறங்காவிட்டால் சுரம் தவறும். எண்ணெய் தெளிப்பதும் கூடாது. அது உணரிகளில் படிந்து, புழுதியையும் இழுத்துக்கொள்ளும்.

விரலில் இருக்கும் தீர்வு

செலவே இல்லாத தீர்வு ஒன்றும் உண்டு. தங்கை ஹெட்போனின் ஒலியளவை மிகக் குறைவாக வைத்திருந்தாள். காதுக்கு எட்டாததால் கட்டையை ஓங்கி அடித்தாள். ஒலியளவைக் காதுக்குக் கேடில்லாத அளவு சற்றே கூட்டினோம். பல மின்னிலக்கப் பியானோக்களில் தொடுவுணர்வை மாற்றும் வசதி இருக்கிறது. அதை மென்மையான நிலைக்கு மாற்றினால் இலேசாகத் தொட்டாலே உரத்த ஒலி வரும். அடிக்கும் வேகம் தானாகவே குறைந்துவிடும். ஆனால், எப்போதும் அப்படியே பழகினால் தேர்வறையின் கம்பிப் பியானோவில் விரல் தடுமாறும். அதனால், பகலில் பயிற்சி செய்யும்போது வழக்கமான நிலைக்கு மாற்றிவிடுகிறாள்.

நிறைவாக

பியானோ ஓசை சிறிய விஷயம் என்று நினைக்கத் தோன்றும். 1974ஆம் ஆண்டு ஜப்பானின் ஹிராட்சுகா நகர அடுக்குமாடி ஒன்றில், மாடிக்குக் கீழ்மாடிப் பியானோ ஓசை கேட்டுப் பொறுமையிழந்த ஒருவர், ஒரு தாயையும் இரு மகள்களையும் கொன்றார். அக்கம்பக்க ஓசையைப் பற்றி ஜப்பானையே சிந்திக்க வைத்த நிகழ்வு அது. நம் நாட்டிலும் 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருவதைத் தடைசெய்கின்றன. ஆனால், சட்டம் வரும்வரை காத்திருப்பானேன்?

பலகை போட்ட மறுநாள் இரவு மீண்டும் ஆண்ட்டியின் வீட்டில் அமர்ந்து கேட்டேன். சத்தம் அடியோடு மறையவில்லை. யாரோ தூரத்தில் மெல்ல நடப்பதுபோல் இருந்தது. "இது பரவாயில்லை" என்றார் அவர். பத்து மணிக்கு நிறுத்திவிடுவதாக நாங்களும் ஒப்புக்கொண்டோம். "தேர்வு எப்போது?" என்று கேட்டார். நாளைச் சொன்னேன். "அந்த வாரம் மட்டும் பத்தரை வரை வாசிக்கட்டும்" என்றார்.

ரப்பரும் பலகையும் சத்தத்தைக் குறைத்தன. ஆனால், எதைக் குறைக்க வேண்டும் என்பதைக் கீழ்வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்துகொண்டோம்.