கட்டாத வாட்சுக்கும் பேட்டரி தேயுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலைக்கு மென்பொருள் வேலையாக அடிக்கடி போய்வருகிறேன். அங்கே எலக்ட்ரீஷியனாக இருக்கும் ஓர் அண்ணன், போன வருஷம் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், இப்படிக் கேட்டார்: "தம்பி, டூட்டி நேரத்துல வாட்ச் கட்டவே கூடாதுன்னு ரூல். வீட்டுக்குப் போறப்பதான் கட்டுறேன். நாள்ல பாதி நேரம் சும்மாதான் கெடக்கு. அப்புறம் எப்படி ரெண்டே வருஷத்துல பேட்டரி போச்சு? தூங்கும்போது நாடி பார்க்கத்தான் வாங்குனேன், பாதி ராத்திரில அணைஞ்சிடுது."

வாட்சை மருத்துவக் கருவியாக நம்பக்கூடாது என்பது தனிக் கதை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பயன்படுத்தினால்தான் தேயும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். லித்தியம் பேட்டரி அப்படி இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு பக்கம் கிராஃபைட், இன்னொரு பக்கம் பெரும்பாலும் கோபால்ட் ஆக்சைடு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குப் போகின்றன, வாட்ச் ஓடும்போது திரும்பி வருகின்றன. நம்ம லோக்கல் ரயிலில் காலையில் சென்ட்ரல், மாலையில் கும்மிடிப்பூண்டி என்று போய்வரும் கூட்டம் மாதிரி. எத்தனை பேர் போய்வர முடிகிறதோ அதுதான் கொள்ளளவு. சிக்கல் என்னன்னா, நடுவில் இருக்கும் திரவத்துக்கும் கிராஃபைட்டுக்கும் ஒத்துவராது. முதல் சார்ஜிலேயே கிராஃபைட் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிவிடும். எஸ்.ஈ.ஐ. என்று இதைச் சொல்வார்கள். 1979-ல் இமானுவேல் பெலெட் வைத்த பெயர். இந்தப் படலம் இல்லாவிட்டால் பேட்டரியே வேலை செய்யாது. ஆனால் அது வளர்வதை நிறுத்துவதில்லை. வளர வளர லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டிய லித்தியம் மறுபடி ரயில் ஏறாது. படலம் தடிப்பதால் உள் மின்தடையும் கூடும். 15 சதவீதம் காட்டிய வாட்ச் திடீரென்று அணைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வளர்ச்சிக்கு வாட்சைக் கட்ட வேண்டும் என்பதே இல்லை. சும்மா இருந்தாலும் நடக்கும். அதை வேகப்படுத்துபவை இரண்டு: சூடு, நிறைந்த சார்ஜ். கேடெக்ஸ் நிறுவனத்தின் பேட்டரி யூனிவர்சிட்டி தளத்தில் ஓர் அட்டவணை உண்டு. ஒரு வருஷம் சும்மா வைத்த லித்தியம் பேட்டரியில், 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜில் இருந்தால் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். முழு சார்ஜில் இருந்தால் 80. அதே 40 டிகிரியில் முறையே 85, 65. கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஒரு முறைகூட கட்டாமலே மூன்றில் ஒரு பங்கு காலி!

இப்போது அண்ணனின் வாட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டூட்டிக்குள் நுழைந்ததும் தகரக் கூரை போட்ட லாக்கர் அறையில் சார்ஜில் போட்டுவிடுகிறார். ஒரு மணி சொச்சத்தில் 100 ஆகிவிடும். மீதி நேரமெல்லாம் நிறைந்த நிலையிலேயே வேகிறது. வயர்லெஸ் சார்ஜர் தரும் சூடு வேறு. ஆப்பிள் தன் சாதாரண வாட்ச்களுக்குச் சொல்லும் வெப்பநிலை வரம்பு 0 முதல் 35 டிகிரி வரை. நம்ம மாவட்டத்துத் திருத்தணியில் மே மாதம் நிழலிலேயே 40-ஐத் தாண்டுவது வழக்கம். கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம். மணிக்கட்டில் இருந்திருந்தால்கூட வாட்ச் இதைவிடக் குளிர்ச்சியாக இருந்திருக்கும்.

போனுக்கும் இதே தேய்மானம்தான், ஆனால் அவ்வளவாகத் தெரியாது. 5000 எம்.ஏ.எச். பேட்டரியில் 20 சதவீதம் போனாலும் 4000 மிச்சம், நாளை ஓட்டிவிடலாம். ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 8-ன் பேட்டரியோ வெறும் 308 எம்.ஏ.எச். புதிதில் ஒரு நாளைக்கே சரியாக இருக்கும் சாதனத்தில் 60 போனால், ராத்திரி அம்போதான்.

அண்ணனிடம் நான் சொன்னது: ஆலையில் சார்ஜ் போடாதீங்க. வீட்டில் ஃபேனுக்கு அடியில், குளித்துச் சாப்பிடும் நேரத்தில் போட்டு 80 வந்ததும் எடுத்துடுங்க. வேலைக்கு வரும்போது பாதி சார்ஜ் இருந்தால் போதும். வண்டியின் பெட்டிக்குள் போட்டு வெயிலில் நிறுத்தாதீங்க. 'முழுசா இறக்கி முழுசா ஏத்தணும்' என்ற பழைய அறிவுரை நிக்கல்-காட்மியம் காலத்தது, இதற்குப் பொருந்தாது. இதெல்லாம் மேற்கொண்டு போவதைத்தான் மெதுவாக்கும். போனது திரும்பாது.

பேட்டரியை மாற்றலாமே என்றால், வாட்சைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் அண்ணனுக்குக் கிடைத்த பதில் "புதுசு வாங்கிடுங்க சார்". ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்ற முடிய வேண்டும் என்று சட்டம் வருகிறது. இங்கே பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-ல் வந்தன, பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கும்மிடிப்பூண்டிப் பக்கமே பழைய கார், இன்வெர்ட்டர் பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைகள் உண்டு. ஈயத்துக்கு எடைக்கு எடை விலை கிடைக்கிறது. சில கிராம் எடையுள்ள வாட்ச் பேட்டரிக்கு எந்தக் காயலான் கடையிலும் விலை கிடையாது. அதனால் அது குப்பைக்குப் போகிறது. நசுங்கினால் தீப்பிடிக்கும் சாமான் அது. வீட்டில் பழைய வாட்ச் கிடந்தால், குறிப்பாகத் திரை லேசாக மேலே எழும்பியிருந்தால், சார்ஜ் போட்டுப் பார்க்காமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.