மன்னரைச் சுட்ட பட்டு நெசவாளி

இத்தாலியின் பிராத்தோ நகரை ஒட்டிய கோயானோவில் 1869-இல் பிறந்தவர் கயத்தானோ பிரெஷி. சிறு வயதிலேயே ஆலைக்குப் போய்ப் பட்டு நெசவு பழகினார். அரசே கூடாது என்னும் அராஜகவாதம் அவரைப் பற்றிக்கொண்டதும் அந்த ஆலைகளில்தான். 1895-இல் பிரதமர் கிறிஸ்பியின் அடக்குமுறைச் சட்டங்களின்கீழ் லாம்பெதூசா தீவில் காவலில் வைக்கப்பட்டார். பொதுமன்னிப்பில் வெளியே வந்தபின் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

நியூஜெர்சியின் பேட்டர்சன் அப்போது பட்டு ஆலைகளுக்குப் பேர்போன ஊர். இத்தாலிய நெசவாளர்கள் திரளாகக் குடியேறியிருந்த அங்கே பிரெஷிக்கு வேலை கிடைத்தது; மனைவியும் மகளுமாகக் குடும்பம் அமைந்தது. தோழர்கள் நடத்திய அராஜகவாதப் பத்திரிகைக்குக் கடனும் கொடுத்தார். மூர்க்கர் என்று அவரை யாரும் கருதியதில்லை.

1898 மே மாதம் மிலானில் ரொட்டி விலை உயர்வை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். தளபதி பாவா பெக்காரிஸ் அவர்கள்மீது பீரங்கியைத் திருப்பினார். அரசுக் கணக்கிலேயே சுமார் 80 பேர் செத்தார்கள்; மற்றவர்கள் சொன்ன எண்ணிக்கை பல மடங்கு. கொலைகளைக்கூடக் காலம் மறக்கடித்திருக்கலாம். ஆனால் அடுத்த மாதமே மன்னர் முதலாம் உம்பெர்த்தோ அந்தத் தளபதிக்கு உயரிய விருது அளித்தார். பிரெஷியின் கோபம் தளபதியை விட்டு மன்னர்மேல் திரும்பியது.

1900-இல் அவர் பத்திரிகைக்குக் கொடுத்த கடனைத் திடீரென்று திருப்பிக் கேட்டார். காரணம் சொல்லாததால் தோழர்களுக்கு எரிச்சல். கைத்துப்பாக்கியுடன் ஐரோப்பா வந்தவர், வழியில் பாரிஸ் உலகக் கண்காட்சியையும் பார்த்தார். ஜூலை 29 இரவு மோன்ட்சாவில் உடற்பயிற்சி வீரர்களுக்குப் பரிசளித்துவிட்டு வண்டியில் ஏறிய மன்னரைச் சுட்டுக் கொன்றார். 1878-லும் 1897-லும் கத்திக்குத் தப்பியிருந்த உம்பெர்த்தோ இம்முறை தப்பவில்லை.

ஆகஸ்ட் 29 அன்று மிலானில் நடந்த விசாரணை ஒரே நாளில் முடிந்தது. சோஷலிஸ்ட் தலைவர் துராத்தி வாதாட மறுத்துவிட, மெர்லினோ என்ற வழக்கறிஞர் வாதாடினார். தான் கொன்றது ஒரு மனிதரை அல்ல, மன்னராட்சியை என்பதே பிரெஷியின் நிலை. மரண தண்டனையை இத்தாலி 1889-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலேயே நீக்கியிருந்ததால் ஆயுள் தண்டனை கிடைத்தது. சாந்தோ ஸ்தெஃபானோ தீவுச் சிறையில் 1901 மே 22 அன்று தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். தற்கொலை என்றது அரசு. காவலர்களே கொன்றிருக்கலாம் என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை.

மன்னராட்சி மட்டும் சாயவில்லை. உம்பெர்த்தோவின் மகன் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் 1946 வரை அரியணையில் இருந்தார். பிரெஷியின் செயலால் தூண்டப்பட்ட சோல்கோஷ் என்பவரோ 1901 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் மெக்கின்லியைச் சுட்டார். மோன்ட்சாவில் உம்பெர்த்தோ விழுந்த இடத்தில் நினைவுத் தேவாலயம் நிற்கிறது. 1990-இல் கராராவில் அராஜகவாதிகள் பிரெஷிக்கும் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.