மாணவர் தலைமையும் மக்கட் பணியும்

கல்லூரி விழா மலர்களிலே பழைய மாணவர் தலைவர்களின் பெயர்ப் பட்டியலொன்று இடம்பெறுவது வழக்கம். ஆண்டும் பெயரும் அங்கே வரிசையாக நிற்கும். அவ்வாண்டில் அத்தலைவர் யாது கற்றார், கற்றதைப் பின்னாளில் எங்கே கொண்டு சென்றார் என்பதைப் பட்டியல் கூறுவதில்லை. மாணவப் பருவத்துத் தலைமை ஒருவருடைய கல்வி நோக்கையும் சமூக நோக்கையும் எவ்வாறு உருவாக்குகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து. இதனை முதலில் நம் நாட்டு வரலாற்றிலும், அடுத்து நமது மலைநாட்டிலும், ஈற்றில் என் சிறிய அநுபவத்திலும் வைத்து நோக்குவோம்.

1924ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே மாணவர் காங்கிரஸ் என்னும் இயக்கம் தோன்றியது. பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதற்கு உயிர்நாடியாக விளங்கியவர் ஹன்டி பேரின்பநாயகம். 1899இல் பிறந்த அவர் அப்போது இருபத்தைந்து வயதினர். உடன் நின்றோருள் மாணவரும் இளம் ஆசிரியருமே மிகுதியானோர். நாட்டுக்குச் சுயராச்சியம் வேண்டுமென அவர்கள் முழங்கினர். ஆயினும் அம்முழக்கத்தோடு அவர்கள் அமைந்துவிடவில்லை. தாய்மொழியைப் போற்றுதல், சிங்களமும் தமிழும் ஆகிய இரு மொழிகளையும் கற்றல், சாதி வேற்றுமையைக் கைவிடுதல் ஆகியவற்றைத் தம் கடமைகளாக ஏற்றனர். 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே காந்தியடிகள் இலங்கைக்கு வருகை தந்தமையிலும், யாழ்ப்பாணத்தில் அவருக்கு வரவேற்பு நிகழ்ந்தமையிலும் இவ்விளைஞர் பங்கு பெரிது. அப்பயணத்திலே அடிகள் நம் மலைநாட்டுக்கும் வந்து, தோட்டத் தொழிலாளரிடையே மதுவிலக்கை வற்புறுத்திச் சென்றார் என்பதை ஈண்டு நினைவு கூர்தல் தகும்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் ஏனையோருடன் வாங்கில் அமர இயலாது. நிலத்திலோ புறம்பான இடத்திலோ இருந்தே படித்தனர். அவர்களுக்குச் சம ஆசனமும், விடுதிகளிலே சம போசனமும் வேண்டுமென்ற கிளர்ச்சிக்கு வாலிபர் காங்கிரஸார் துணை நின்றனர். எதிர்ப்பு வலிதாக இருந்தது. எனினும் அம்முயற்சி தோற்கவில்லை.

இனி, அவ்வியக்கத்தின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். 1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் அரசாங்க சபைக்குத் தேர்தல் வந்தது. அத்திட்டம் சுயராச்சியம் தரவில்லையென வாலிபர் காங்கிரஸ் அதனைப் பகிஷ்கரிக்கும்படி கோரியது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934வரை அத்தொகுதிகளுக்குச் சபையிலே பிரதிநிதி இல்லை. இயக்கமும் வலுக் குன்றிற்று. அதே 1931இல் நமது ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாகச் சபை புகுந்த பெரி. சுந்தரம், தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். அவர் கேம்பிரிட்ஜிலே கற்றுத் திரும்பியதும், சேர் பொன்னம்பலம் அருணாசலத்துடன் சேர்ந்து தொழிலாளர் நலனுக்கு உழைத்தவர்.

இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். தலைவர்கள் தம் வாழ்விலே முதலில் மேற்கொண்டு, பிறரையும் அழைத்த கொள்கைகள் நிலைத்தன. பிறரை ஒன்றைத் துறக்கச் சொல்லி, அதற்கு ஈடாக வேறொன்றைக் காட்டாத கொள்கை நிலைக்கவில்லை. பேரின்பநாயகமும் அவர்தம் தோழர் சிலரும் பிற்காலத்திற் சென்றடைந்த இடமும் இதற்குச் சான்று பகரும். அவர் 1949 முதல் 1960வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார். ஒறேற்றர் சுப்பிரமணியம் சுன்னாகம் ஸ்கந்தவரோதயக் கல்லூரியின் அதிபரானார். மேடையிலே பேசிய கருத்தை வகுப்பறையிலே நாடோறும் செய்யும் தொழிலாக அவர்கள் மாற்றிக்கொண்டனர். மாணவத் தலைமை வாழ்க்கை நோக்காகக் கனிவது இவ்வாறே.

மலைநாட்டிலே இக்கேள்வி இன்னும் கடுமையானது. 1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1920ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கின. விளைவு என்ன? ஓராசிரியர், ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பயன் லயங்களை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1970களிலும் அதன் பின்னருமேயாம். குடியுரிமைக் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரிதும் தீர்ந்தது.

இத்தகைய சூழலிற் படித்து முன்னேறிய இளைஞன் ஒருவன் தோட்டத்தை விட்டு அகன்றிருந்தால் அவனைக் குறை கூற எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும் அகலாது நின்றோர் சிலர் உளர். காந்திய நெறியிலே வாழ்ந்த கே. இராஜலிங்கம் புசல்லாவையில் சரஸ்வதி வித்தியாலயத்தை நிறுவினார். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியிலே ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் பணிபுரிந்த இர. சிவலிங்கம், 1960களில் இளைஞரைத் திரட்டி, ‘மலையகத்தார்’ என்னும் தன்மான உணர்வை அவர்களிடையே வளர்த்தார். அவ்வுணர்வு பெற்றோருட் பலர் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் மலர்ந்தனர். அவர்களுடைய மாணவரின் மாணவரே இன்று நம் பாடசாலைகளிற் கற்பிப்போர்.

இனி என் அநுபவம். உயர்தர வகுப்பிலே கற்றபோது யான் மாணவர் தலைவனாகத் தெரிவு செய்யப்பட்டேன். காலை ஏழரை மணிக்குப் பின் வருவோரின் பெயரைப் படலையடியில் நின்று குறிப்பது என் கடமை. அக்குறிப்பேட்டைச் சிறிதும் பிழையின்றி வைத்திருப்பதே தலைமையென எண்ணியிருந்தேன். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பெயர் அதிலே நாடோறும் ஏறிற்று. நானும் நாடோறும் அவனை வெளியே நிறுத்தினேன். மூன்றாவது கிழமை மழை நாளொன்றில், முழங்கால்வரை சேறாக வந்த அவனை, “ஏன் பிந்துகிறாய்?” என முதன்முறையாகக் கேட்டேன்.

“அம்மா பெரட்டுக்குப் போயிரும் அண்ணே. தங்கச்சிய புள்ளக்காம்பராவுல விட்டுட்டுத்தான் வரணும். ஆயாம்மா வந்து தொறக்கிற வரைக்கும் நிக்கணும்” என்றான்.

அவன் வந்தது மேற்கணக்கிலிருந்து. மூன்று மைல் இறக்கம். யானும் லயத்திலே பிறந்தவன்; பிரட்டுக்களமும் பிள்ளைக்காம்பராவும் எனக்கு அந்நியமானவை அல்ல. அவ்வாறிருந்தும் பதினைந்து நாள் கேளாதிருந்தேன். கையிலே ஏடும் சட்டையிலே சின்னமும் வந்தவுடன் நான் அறிந்திருந்ததையே மறந்தேன் என்பதுதான் உண்மை. அடுத்த மாதம் அச்சிறுவன் பாடசாலைக்கு வரவில்லை. கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டதாக அறிந்தேன். அவனைத் திரும்ப அழைத்துவர என்னால் இயலவில்லை.

அதன் பின்னர் மாணவர் தலைவர் நால்வர் அக்குறிப்பேட்டை வேறு விதமாகப் பயன்படுத்தத் தொடங்கினோம். ஒருவன் பெயர் மூன்று முறை ஏறினால் தண்டனைக்கு முன் காரணத்தை விசாரிப்பது, வகுப்பாசிரியருக்குத் தெரிவிப்பது, வேண்டுமாயின் வீட்டுக்குச் செல்வது. மேற்கணக்குக் கோயில் மண்டபத்திலே மாலை வகுப்பொன்றையும் ஆரம்பித்தோம். முதல் மாதம் அது சோபிக்கவில்லை. நாங்கள் விரும்பிய நேரத்தை வைத்தோம். பிள்ளைகளோ அவ்வேளையில் தண்ணீர் எடுக்கவும் விறகு சேர்க்கவும் சென்றிருந்தனர். தாய்மாரைக் கேட்டு நேரத்தை மாற்றிய பின்னரே வகுப்பு நிலைத்தது. நாங்கள் கல்லூரியை விட்டு நீங்கியபோது அதனைப் பொறுப்பேற்றவர்கள் அவ்வகுப்பிலேயே படித்த இரு மாணவிகள்.

யான் ஆசிரியத் தொழிலைத் தெரிந்துகொண்டது அக்குறிப்பேட்டினால் என்றே கூறுவேன். பயிற்சிக் கலாசாலையிலே கற்பித்தல் முறை கற்றேன். பிள்ளை வகுப்புக்கு வராத காரணம் பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியிலே இருக்கின்றது என்பதை அதற்கு முன்னரே படலையடியிற் கற்றிருந்தேன்.

இன்று பாடசாலைகளிலே மாணவர் பாராளுமன்றம் கூடுகின்றது. அமைச்சர்களும் சபாநாயகரும் உளர். இது நல்ல ஏற்பாடே. அதில் இடம்பெறும் இளையோர்க்கு இரண்டொன்று கூற விரும்புகின்றேன். தண்டிக்குமுன் காரணம் கேளுங்கள். பிறர்க்கு விதிக்க எண்ணும் ஒழுங்கை ஒரு தவணைக்காலம் நீங்களே கைக்கொண்டு பாருங்கள். தொடங்கும் பணியை உங்களுக்குப் பின் யார் செய்வார் என்பதைத் தொடங்கும் நாளிலேயே சிந்தியுங்கள். அவ்வாறு செய்பவர் பின்னாளில் மருத்துவராயினும் வணிகராயினும் கணக்காளராயினும், தாம் பிறந்த சமூகத்துக்குப் பயன்படாமற் போகார்.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். விழாவை ஒட்டி மண்டபம் புதுக்கப்படுகின்றது, மகிழ்ச்சி. அதனோடு, கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தோட்டங்களிலே கணக்குக்கு ஒன்றாக மாலைப் படிப்பகங்களை நடத்தவும் சங்கம் முன்வர வேண்டும். பெருந்தொகை வேண்டியதில்லை, மின்விளக்கும் சில வாங்குகளும் வாரத்துக்கு இரு நாள் வரக்கூடிய ஒருவரும் போதும். இடைநடுவிலே படிப்பை விட்டுக் கடைக்குச் செல்லும் சிறுவர் இன்றும் நம்மிடையே உளர். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அச்சிறுவனுடைய பெயர் நம் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் இல்லை. அவனும் நம் பழைய மாணவனே.