நேற்றுப் போட்ட மாத்திரை இன்னும் உள்ளே இருக்கிறது

விடியற்காலை நாலு மணி. அம்மாவின் ரவிக்கை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கிறார், பேச்சு குழறுகிறது. சுகர் மீட்டரில் 42. முந்தின நாள் முழுக்க வயிற்றுப்போக்கு, ராத்திரி அரை இட்லி. அப்படியும் சுகர் மாத்திரையை மட்டும் விடவில்லை. பல வருடமாக அதே கிளிமிபிரைடு, அதே அளவு. பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் கடையில் வாங்கிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் “மாத்திரையை மாற்றவே இல்லையே டாக்டர்” என்றேன். மாறியிருந்தது அம்மாவின் சிறுநீரகம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைக் கடைசியாகப் பார்த்தே மூன்று வருடம் ஆகியிருந்தது.

காலையில் போட்ட மாத்திரை ராத்திரியோடு தீர்ந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு மருந்தில் பாதி உடம்பை விட்டு வெளியேற ஒரு நாள் ஆகிறது என்று வையுங்கள். முதல் நாள் 100 பங்கு. மறுநாள் மிச்சம் 50, அதன்மேல் புதிதாக 100, ஆக 150. அடுத்த நாள் 175, அதற்கடுத்து 187. இப்படியே ஏறி 200-ஐ நெருங்கும்போது, தினமும் உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாகிவிடும். டாக்டர் அளவைக் குறிப்பது இந்தச் சமநிலையை மனதில் வைத்துத்தான். வடிகால் அடைத்தால் தொட்டியில் மட்டம் ஏறுவதுபோல, வெளியேறும் வழி சுணங்கினால் அதே ஒரு மாத்திரையே அதிகமாகிவிடும்.

எல்லா சுகர் மாத்திரையும் ஒரே மாதிரி இல்லை. மெட்பார்மினைக் கல்லீரல் தொடுவதில்லை. அது அப்படியே சிறுநீரில் போகிறது. நல்ல சிறுநீரகம் இருந்தால் ரத்தத்தில் உள்ளதில் பாதி ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் வெளியேறிவிடும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் மெட்பார்மின் கூடாது. தேங்கினால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. இது அபூர்வம், ஆனால் உயிருக்கே உலை வைக்கும். கிளிபென்கிளமைடு வேறு ரகம். கல்லீரல் அதை உடைத்த பிறகும் அந்தத் துண்டுகளுக்குச் சர்க்கரையை இறக்கும் வேகம் இருக்கிறது, அவற்றில் ஒரு பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் போக வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே குறிப்பு இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள்.

கிரியாட்டினின் ‘நார்மல்’ என்று வந்தாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். சதை வற்றிய முதியவர்களுக்கு அந்த எண் குறைவாகவே காட்டும். வயதையும் சேர்த்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆரைக் கேட்டு வாங்குங்கள், வருடத்துக்கு ஒரு தடவையாவது. சிறுநீரகம் மட்டுமல்ல, வேறு மருந்தும் தடையாகலாம்: பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் புளூகோனசோல் கிளிமிபிரைடை உடம்பில் தங்க வைக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் சுகர் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நாள் என்றால் மாத்திரை போடுவதற்கு முன்பே டாக்டருக்கு ஒரு போன். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது. இதையெல்லாம் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

லோ சுகர் வந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகள் சிலவற்றில் வோக்லிபோஸ் இருக்கும். அதைப் போடுகிறவர்களுக்குச் சீனியும் மிட்டாயும் சட்டென்று ஏறாது, குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டாம். மருந்து உள்ளே இருக்கும்வரை சர்க்கரை மறுபடி இறங்கலாம். அம்மாவுக்கு அன்று மத்தியானமே இரண்டாவது தடவை இறங்கியது, ஆஸ்பத்திரியில் இருந்ததால் பிழைத்தார்.

இந்த மாத்திரை எதற்கு, எவ்வளவு நாள், எந்தப் பரிசோதனை எப்போது என்று கேட்பது நோயாளியின் உரிமை. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதி. மருந்துக்கடையில் பில் வாங்குங்கள், தொகுதி எண் அதில் இருக்கும். பக்கவிளைவை நோயாளியோ வீட்டாரோ 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நேரடியாகப் பதியலாம். கவனக்குறைவால் பாதிப்பு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அங்கே பேசுவது சீட்டும் பில்லும் பரிசோதனைத் தாள்களும்தான். எங்கள் கையில் பழைய சீட்டு ஒன்றுதான் இருந்தது, பில் ஒன்றுகூட இல்லை. இப்போது அம்மாவின் தலைமாட்டில் ஒரு பச்சைக் கோப்பு இருக்கிறது, பக்கத்திலேயே குளுக்கோஸ் டப்பா.