எடை குறைந்த துப்பாக்கியும் 300 மீற்றர் இலக்கும்
சுவிஸ் கராபீனர் 31: ஒரு மதிப்பீடு

சுவிஸ் நாட்டுச் சிற்றூர்களில் வாழும் எம்மவர்க்கு, இளவேனிற்காலத்துச் சனிக்கிழமைகளில் மலைச்சரிவில் மோதித் திரும்பும் வெடியோசை பழக்கமாகிவிட்டது. வந்த புதிதில் அவ்வோசை கேட்டுப் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திய தாய்மார் எம்மிடையே உண்டு. அது ஊர்ச் சுடுகளத்திலிருந்து எழும் ஓசை என்பதையும், அங்கே தபாற்காரரும் தச்சரும் ஆசிரியையும் வரிசையாகப் படுத்துக் கிடந்து 300 மீற்றர் தொலைவிலுள்ள பலகையைக் குறிவைக்கின்றனர் என்பதையும் பின்னரே அறிந்துகொண்டோம்.

அவ்வரிசையில் இன்றும் ஒரு பழைய மரத் துப்பாக்கியைக் காணலாம். அதன் பெயர் கராபீனர் 31. நிறை ஏறத்தாழ 4 கிலோ. நீளம் 1105 மில்லிமீற்றர். தோளிற் சுமந்து மலையேறுவதற்கென வடிவமைக்கப்பட்ட இக்கருவி, தொலைவிலுள்ள இலக்கை நுட்பமாகத் தாக்குவதிலும் பெயர் பெற்றது. சுமப்பவனுக்கு எடை குறைய வேண்டும். சுடுபவனுக்கோ எடை கூட வேண்டும். ஒன்றோடொன்று முரண்படும் இவ்விரு தேவைகளையும் இத்துப்பாக்கி எவ்வளவிற்கு நிறைவு செய்கிறது என்பதையே இங்கு நாம் ஆராய முற்படுகிறோம்.

நீளத்தை எங்கே குறைத்தார்கள்?

இதற்கு முன் சுவிஸ் காலாட்படையினர் தூக்கிய 1911 ஆம் ஆண்டு நீள் துப்பாக்கி 1300 மில்லிமீற்றர் நீளமும் சுமார் 4.6 கிலோ நிறையும் கொண்டது. அதனுடன் குறுந்துப்பாக்கி ஒன்றும் வழக்கிலிருந்தது. அது தூக்க இலகுவானது. ஆனால் அதன் குழல் 592 மில்லிமீற்றரே. இரண்டிற்கும் மாற்றாக ஒரே துப்பாக்கி வேண்டும் என்று இராணுவம் கருதியது. பேர்ண் நகரிலிருந்த அரச ஆயுதத் தொழிற்சாலை, அடொல்வ் பூரர் என்பவரின் தலைமையில் அதனை உருவாக்கியது. 1933 முதல் 1958 வரை சுமார் 5 இலட்சத்து 28 ஆயிரம் துப்பாக்கிகள் செய்யப்பட்டன.

குழலின் பின்வாயை மூடித் திறக்கும் உருக்குத் தண்டைப் போல்ற் என்பர். பெரும்பாலான துப்பாக்கிகளில் அதன் கைபிடியை மேலே தூக்கிப் பின்னர் இழுக்க வேண்டும். சுவிஸ் துப்பாக்கிகளிலோ தூக்குதல் இல்லை. நேராக இழுத்து நேராகத் தள்ளினாற் போதும். உள்ளே ஒரு சுருள் பள்ளம் அந்த நேரசைவைத் திருகசைவாக மாற்றிப் பூட்டுகிறது. பழைய வடிவங்களில் இந்தப் பூட்டுப் பற்கள் ரவை இருக்கும் அறைக்கு மிகவும் பின்னால் இருந்தன. கராபீனர் 31 இல் அவை அறையை ஒட்டி முன்னே கொண்டுவரப்பட்டன. அதனாற் பொறியின் நீளம் குறைந்தது. மிஞ்சிய இடத்தைக் குழலுக்குக் கொடுத்தார்கள். மொத்த நீளம் ஏறத்தாழ மாறாதிருக்க, குழல் 652 மில்லிமீற்றராக வளர்ந்தது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறுந்துப்பாக்கியோடு ஒப்பிட்டால், குழலை அறுத்து நீளம் காக்கப்படவில்லை. பொறியிற் பயனற்றுக் கிடந்த நீளமே குழலுக்கு மாற்றப்பட்டது. பூட்டு முன்னே வந்தமையால், வெடிப்பின் தாக்கத்தைத் தாங்கும் பகுதி குறுகி விறைப்பும் பெற்றது. எடை குறைந்த எந்தத் துப்பாக்கியை மதிப்பிடும்போதும் நாம் கேட்கவேண்டிய முதல் வினா இதுவே: எடை எங்கிருந்து எடுக்கப்பட்டது?

எடை குறைந்தால் என்ன நேரும்?

இதன் ரவையான ஜீ.பி. 11 இன் சன்னம் 11.3 கிராம் நிறையுடையது. அது செக்கனுக்கு ஏறத்தாழ 780 மீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது. சன்னம் முன்னே செல்லத் துப்பாக்கி பின்னே வரும். ஒரே ரவையைச் சுடும்போது, பின்னுதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் நிறைக்கு எதிர்விகிதமாக அமையும். எனவே 5 கிலோத் துப்பாக்கியைவிட 4 கிலோத் துப்பாக்கி கால்பங்கு கூடுதலாக உதைக்கும். மலைவேட்டைக்காரருக்கென இன்று விற்கப்படும் 3 கிலோத் துப்பாக்கி, 4 கிலோத் துப்பாக்கியை விடவும் மூன்றிலொரு பங்கு கூடுதலாக உதைக்கும்.

தோள் நோவது மட்டுமன்று இங்கு சிக்கல். சன்னம் 652 மில்லிமீற்றர் குழலைக் கடந்து வெளியேறுவதற்குள்ளேயே இத்துப்பாக்கி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் பின்னகர்ந்து விடுகிறது. அந்த நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாக அமைந்தால் தீங்கில்லை. இன்று தோளை இறுக்கியும் நாளை தளர்த்தியும் பிடித்தால், குழல்வாய் வெவ்வேறு திசை நோக்கும். கனத்த துப்பாக்கி இத்தகைய பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்; இலகுவான துப்பாக்கி பொறுக்காது. எடை குறைந்த துப்பாக்கி நுட்பமற்றது என்று பலர் கூறுவதன் உட்பொருள் இதுதான். பெரும்பாலும் கருவியின் நுட்பம் குறைவதில்லை. சுடுபவரிடம் அது கேட்கும் ஒழுங்குதான் கூடுகிறது.

இன்னொன்று வெப்பம். மெல்லிய குழல் விரைவிற் சூடேறும். சூடேறிய குழல் வளைந்து மரத்தைத் தொடுமாயின் அடிகள் ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். ஆறுதலாகச் சுடும் போட்டியில் இது பெருங்குறையாகாது. இருபது, முப்பது ரவைகளை இடைவிடாது சுடுபவருக்கு இது குறையே.

கண்ணும் கணக்கும்

கராபீனர் 31 இல் தொலைநோக்கி இல்லை. பின்னே ஒரு வெட்டு, முன்னே ஒரு கம்பம். இரண்டிற்கும் இடையே 568 மில்லிமீற்றர். கண் அந்த வெட்டின் நடுவைப் பத்திலொரு மில்லிமீற்றர் தவறவிட்டால், 300 மீற்றரில் அடி சுமார் 53 மில்லிமீற்றர் விலகும். பலகையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர். ஆகவே ஒரு மயிரிழைப் பிழையே பத்தை ஒன்பதாக்கிவிடும். செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் குறுக்கே வீசும் இளங்காற்றும் அதே வேலையைச் செய்யப் போதுமானது.

இந்நிலையில் இக்கருவி எவ்வாறு பெயர் பெற்றது? அதற்கு நாம் மூன்று காரணங்களைக் காண்கிறோம். முதலாவது ரவை. இராணுவ ரவைகளுள் ஜீ.பி. 11 மிகுந்த ஒழுங்குடன் செய்யப்பட்டது. அதன் சன்னம் கூர்முனையும் ஒடுங்கிய பின்புறமும் உடையது. இரண்டாவது விசை. அது இரு படிகளில் இயங்குவது. முதற்படியில் இலகுவாக வந்து நின்று, இரண்டாம் படியில் தெளிவாக விடுபடும். சுடுபவர் எப்போது வெடிக்கும் என்று அஞ்சித் தோளைச் சிலிர்க்க வேண்டியதில்லை. மூன்றாவது, முன்னர் கூறிய நேரிழுவைப் போல்ற். கைபிடியை மேலே தூக்க வேண்டாமையால், படுத்துச் சுடுபவர் மரத்திற் பதித்த கன்னத்தை எடுக்காமலே அடுத்த ரவையை ஏற்றலாம். உடலின் நிலை கலையாமல் இருப்பது இலகுவான துப்பாக்கிக்குப் பெருந்துணை.

எனினும் புகழ்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. குறிசுடுநருக்கெனத் தனித் துப்பாக்கி வேண்டும் என்று இராணுவம் எண்ணியபோது, கராபீனர் 31 இன் பொறியையே அடிப்படையாகக் கொண்டு 1955 ஆம் ஆண்டு வடிவம் ஒன்று உருவாக்கப்பட்டது. அதிலே கனத்த குழல், தொலைநோக்கி, முன்தாங்கு கால்கள், உதைப்பைக் குறைக்கும் குழல்வாய் அமைப்பு ஆகிய யாவும் சேர்க்கப்பட்டன. அதாவது, நுட்பமே தலையாய தேவை என்றானபோது எடை மீண்டும் ஏற்றப்பட்டது. எடை குறைப்பு இலவசமன்று என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

பழைய கருவியைச் சோதிப்பது எப்படி?

கழகங்களிற் சேர்ந்து சுடுவோர் பழைய கராபீனரை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உள. குழல், பொறி, போல்ற், ரவைக்கூடு ஆகியவற்றில் ஒரே இலக்கம் பொறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். இலக்கங்கள் வேறுபட்டால் பல துப்பாக்கிகளின் பாகங்கள் ஒன்று சேர்க்கப்பட்டுள்ளன என்பது பொருள். அடுத்து, குழல்வாயின் விளிம்பு வட்டமாகத் தேயாமல் உள்ளதா என்று நோக்க வேண்டும். சன்னம் கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அதுவே. முன்புறமிருந்து துப்புரவுக் கோலை உரசி உரசிக் கெடுக்கப்பட்ட குழல்கள் பல. பிடங்கின் அடியில் மரம் அடிபட்டுக் கறுத்திருப்பது வெறும் தோற்றக் குறையே. பனியிலும் சேற்றிலும் ஊன்றி நின்ற சிப்பாயின் அடையாளம் அது. சில பிடங்குகளின் இரும்புத் தகட்டைக் கழற்றினால், அதனை வைத்திருந்தவரின் பெயரும் படைப்பிரிவும் எழுதிய சீட்டு இன்றும் அகப்படுவதுண்டு.

இறுதிச் சோதனை சுடுகளத்தில்தான். மூன்று ரவைகள் ஓரிடத்திற் பட்டன என்று மகிழ்வது ஏமாற்றத்தில் முடியும். மூன்று அடிகள் தற்செயலாகவும் நெருங்கி விழும். பத்து ரவைகளையேனும், தாங்கியில் வைத்து, இடைவெளிவிட்டுச் சுட வேண்டும். குளிர்ந்த குழலின் முதலடி எங்கே விழுகிறது, சூடேறிய பின் கடைசி அடி எங்கே விழுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேறொரு நாளில் அதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். இரு நாளும் ஒரே விடை கிடைத்தால் அதுவே அத்துப்பாக்கியின் தரம். அதன்பின் தாங்கியை அகற்றிவிட்டுச் சுட்டால் வரும் வேறுபாடு சுடுபவரின் தரம். இரண்டையும் பிரித்தறியாமல் கருவியைப் பழிப்போரும் புகழ்வோரும் ஏராளம்.

எம்மவர் அறியவேண்டியவை

ஆண்டுதோறும் மே இறுதியிலும் யூன் தொடக்கத்திலும் நாடெங்கும் நடைபெறும் பெல்ட்சீசன் எனும் சுடுவிழாவில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்குபற்றுகின்றனர். 300 மீற்றரில் 18 ரவைகள். உச்சப் புள்ளி 72. கட்டணம் இல்லை. கராபீனர் 31 அங்கே இன்றும் அனுமதிக்கப்பட்ட துப்பாக்கிகளுள் ஒன்று. இலகுவான துப்பாக்கி கேட்கும் ஒழுங்கை ஒரு நாடு எவ்வாறு தன் மக்களிடம் வளர்த்தது என்பதை அவ்விழாவில் நேரிற் காணலாம்.

ஆயினும் எம்மவர்க்கு இதில் ஒரு தடை உண்டு. சுவிஸ் ஆயுதச் சட்டத்தின் கீழ் ஆயுதம் வாங்கவும் வைத்திருக்கவும் ஏந்தவும் சுடவும் தடைசெய்யப்பட்ட நாட்டவர் பட்டியலில் இலங்கைக் குடிகளும் அடங்குவர். விளையாட்டு நிகழ்வுகளிற் கலந்துகொள்வோர்க்கு மாநில அரசு விதிவிலக்காக அனுமதி வழங்கலாம். எனவே இலங்கைக் கடவுச்சீட்டுடன் வாழும் ஒருவர், நண்பர் அழைத்தார் என்பதற்காகச் சுடுகளத்திற் படுத்து விசையை இழுப்பதும் சட்டச் சிக்கலில் முடியக்கூடும். முதலில் மாநிலப் பொலிசாரிடம் விசாரித்து அறிவதே முறை.

இங்கு பிறந்து சுவிஸ் குடியுரிமை பெற்ற எமது பிள்ளைகளின் நிலை வேறு. இராணுவ சேவை அவர்களில் ஆண்களுக்குக் கடமை. 15 முதல் 20 வயது வரையான சுவிஸ் இளையோருக்குக் கழகங்கள் பயிற்சி வகுப்புகளும் நடத்துகின்றன. சேவைக்குச் செல்லும் மகன் கொண்டுவருவது கராபீனர் அன்று, 1990 ஆம் ஆண்டுத் தாக்குதல் துப்பாக்கி. ஆயினும் அது வீட்டின் ஒரு மூலையில் வந்து அமரும். வீட்டில் ஆயுதம் இருப்பதன் கேட்டைச் சுவிஸ் மக்களும் நெடிது விவாதித்துள்ளனர். சிப்பாய்களின் வீடுகளில் ரவைகள் வைக்கும் வழக்கம் 2007 இல் எடுக்கப்பட்ட முடிவினால் நீங்கிற்று. இராணுவ ஆயுதங்களை வீட்டிலிருந்தே அகற்றக் கோரிய யோசனையை 2011 பெப்ரவரி 13 ஆம் நாள் வாக்காளரில் 56.3 வீதத்தினர் நிராகரித்தனர். 2004 இல் படையினர் தொகை குறைக்கப்பட்ட பின்னர் இளம் ஆண்களின் தற்கொலைகள் குறைந்தன என்று 2013 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

ஆகவே ஒரு துப்பாக்கியை மதிப்பிடுவோர் அதன் குழலையும் விசையையும் மட்டும் நோக்கினாற் போதாது. எவர் கையில் அது இருக்கப் போகிறது, எங்கே பூட்டி வைக்கப்படும், போல்ற் தனியே எடுத்து வைக்கப்படுமா என்பனவும் அம்மதிப்பீட்டில் அடங்க வேண்டும். வெடியோசையின் பொருளை வாழ்ந்தறிந்த பெற்றோருக்கு இவ்வினாக்களைக் கேட்கும் உரிமை உண்டு. சேவைக்குப் புறப்படும் மகனிடம், துப்பாக்கியோடு வீடு திரும்பும் நாளுக்கு முன்னரே அவற்றைக் கேட்டுவிடுவது நன்று.